மரபணு மாற்றிய கணைய செல்கள்: என் மகளுக்குக் கிடைக்குமா?

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. 6 வயதில் டைப் 1 சர்க்கரை நோய் வந்தது. தினமும் நான்கு ஊசி. இரவு எழுந்து விரலில் குத்திப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வருவதில்லை. போன மாதம் விடியற்காலையில் சர்க்கரை 42க்கு இறங்கி, கூப்பிட்டும் எழவில்லை. மரபணுவை மாற்றிய கணைய செல்களை வெளிநாட்டில் ஒருவர் கையில் வைத்தார்கள், அவை இன்சுலின் சுரக்கின்றன என்று செய்தியில் படித்தேன். அது நம் பிள்ளைகளுக்கு எப்போது கிடைக்கும்? என் கணையத்தில் பாதியை எடுத்து அதேபோல மாற்றி அவளுக்கு வைக்க முடியுமா? நான் தயாராக இருக்கிறேன். இதற்கிடையில் ஒரு கிளினிக்கில் ஸ்டெம் செல் ஊசி போட்டால் முழுதாகக் குணமாகும் என்று 6 லட்சம் கேட்கிறார்கள். நகையை அடகு வைக்கலாமா என்று யோசிக்கிறோம். வழி சொல்லுங்கள்.
வாசகி, திருச்சி மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நகையை அடகு வைக்காதீர்கள். மற்ற கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொல்லலாம், இதற்கு உடனே சொல்ல வேண்டும்.

அந்த கிளினிக் போடுவதாகச் சொல்லும் ஊசிக்கும் நீங்கள் செய்தியில் படித்த சிகிச்சைக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. சர்க்கரை நோய்க்கு ஸ்டெம் செல் ஊசி நம் நாட்டில் அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை இல்லை. ரத்தப் புற்றுநோய் போன்றவற்றுக்குச் செய்யும் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை வேறு, இது வேறு. இப்படிப்பட்ட ஊசிகளை முறையாக அனுமதி வாங்கிய ஆய்வில் மட்டுமே போடலாம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2017இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறை. ஆய்வில் சேருகிறவரிடம் சிகிச்சைக்குக் கட்டணம் வாங்கக் கூடாது. 6 லட்சம் கேட்கிறார்கள் என்பதிலேயே விஷயம் தெரிந்துவிடுகிறது.

பணம் போவதைவிட எனக்கு இன்னொரு பயம் இருக்கிறது. ஊசி போட்ட பிறகு இன்சுலினைக் குறையுங்கள், செல்கள் வேலை செய்யத் தொடங்கிவிட்டன என்பார்கள். டைப் 1 உள்ள பிள்ளைக்கு இன்சுலின் நின்றால் ஒன்றிரண்டு நாளிலேயே ரத்தத்தில் அமிலம் ஏறும் கீட்டோஅசிடோசிஸ் வரும். வாந்தியும் வயிற்று வலியுமாக, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கிக்கொண்டு ஐசியூவுக்கு வந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். யார் எதைச் சொன்னாலும் உங்கள் மகளின் இன்சுலினை மட்டும் நிறுத்தாதீர்கள்.

இனி உங்கள் கணையத்தைப் பற்றி. பாதியைக் கொடுக்கிறேன் என்று நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுச் சற்று நேரம் அப்படியே இருந்தேன். ஒரு தாய் அப்படிக் கொடுத்தது உண்மையிலேயே நடந்திருக்கிறது. 2005இல் ஜப்பானின் கியோட்டோவில் 56 வயதுத் தாயின் கணையத்தில் ஏறக்குறைய பாதியை எடுத்து, அதிலிருந்து பிரித்த செல்களை 27 வயது மகளுக்குச் செலுத்தினார்கள். மகளுக்குச் சில வாரங்களிலேயே இன்சுலின் ஊசி தேவைப்படவில்லை. ஆனால் அந்தப் பெண்ணுக்கு இருந்தது டைப் 1 இல்லை. நாள்பட்ட கணைய அழற்சியால் கணையம் கெட்டுப்போய் வந்த சர்க்கரை நோய். உங்கள் மகளின் உடலிலோ இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களைத் தேடித் தேடி அழிக்கும் நோய் எதிர்ப்பு அணுக்கள் இன்னும் இருக்கின்றன. நீங்கள் கொடுக்கும் செல்களையும் அவை விடாது.

இது ஊகம் இல்லை. அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் சதர்லேண்ட் என்ற அறுவை சிகிச்சை நிபுணர் 1980களில் ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையருக்கிடையே கணைய மாற்று செய்தார். ஒருவருக்கு டைப் 1, மற்றவருக்கு இல்லை. இருவருக்கும் மரபணு ஒன்று என்பதால் உடல் அந்த உறுப்பை அந்நியமாக நினைக்காது, நிராகரிப்பைத் தடுக்கும் மருந்தே வேண்டாம் என்று எதிர்பார்த்தார்கள். கணையத்தை உடல் நிராகரிக்கவும் இல்லை. அதிலிருந்த பீட்டா செல்கள் மட்டும் சில வாரங்களில் அழிந்துபோயின. பழைய நோயே திரும்ப வந்து தின்றுவிட்டது. ஆக, டைப் 1 உள்ளவருக்கு வைக்கும் செல்கள் இரண்டு எதிரிகளிடமிருந்து தப்ப வேண்டும். வேற்று உடலின் செல் என்பதால் வரும் தாக்குதல் ஒன்று, பீட்டா செல் என்பதாலேயே வரும் தாக்குதல் இன்னொன்று. பாதிக் கணையம் கொடுத்தால் நாளைக்கு உங்களுக்கே சர்க்கரை நோய் வரும் வாய்ப்பும் கூடும். அந்த வீட்டில் ராத்திரி கண்விழிக்க நீங்கள் ஆரோக்கியமாக இருப்பதுதான் இப்போது அவளுக்குத் தேவை.

செய்தியில் வந்த சிகிச்சைக்கு வருவோம். கணையத்தில் இன்சுலின் சுரப்பது லாங்கர்ஹான்ஸ் திட்டுகள் என்ற செல் கூட்டங்கள். ஒரு கணையத்தில் சுமார் 10 லட்சம் திட்டுகள் இருக்கும். எல்லாம் சேர்ந்தாலும் கணையத்தின் எடையில் 1 முதல் 2 சதவீதம்தான். மீதியெல்லாம் செரிமான நீர் சுரக்கும் பகுதி. மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து எடுத்த கணையத்தின் குழாய் வழியே கொலாஜினேஸ் என்ற நொதியைச் செலுத்தி, ஸ்டீல் குண்டுகள் போட்ட ஒரு மூடிய பாத்திரத்தில் வைத்து, உடல் சூட்டில் குலுக்குவார்கள். கமில்லோ ரிகார்டி என்பவர் 1980களின் கடைசியில் வடிவமைத்த பாத்திரம் அது. இடையிடையே ஒரு துளி எடுத்து, டைதைசோன் சாயம் விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். திட்டுகள் மட்டும் சிவப்பாகத் தெரியும். சுற்றியுள்ள திசு கழன்று திட்டுகள் தனியாக மிதக்கும் நேரம் பார்த்து நிறுத்த வேண்டும். முந்தி நிறுத்தினால் திசு ஒட்டிக்கொண்டிருக்கும், பிந்தினால் திட்டே உடைந்துவிடும். பிறகு சுத்தம் செய்து ஒரு பையில் நிரப்பி, சலைன் ஏற்றுவது போலக் கல்லீரலுக்குப் போகும் போர்ட்டல் ரத்தக் குழாயில் இறக்குவார்கள். வயிற்றைக் கிழிக்க வேண்டியதில்லை. திட்டுகள் கல்லீரலில் போய்த் தங்கி அங்கிருந்து இன்சுலின் சுரக்கும்.

2000ஆம் ஆண்டில் கனடாவின் எட்மன்டன் நகரில் ஜேம்ஸ் ஷாபிரோ குழுவினர் இப்படிச் செய்த 7 பேரும் இன்சுலின் ஊசியை நிறுத்தினார்கள். உலகம் முழுக்கச் சர்க்கரை நோய் மருத்துவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்த செய்தி அது. ஆனால் ஒவ்வொருவருக்கும் ஒன்றுக்கு மேற்பட்டவரின் கணையம் தேவைப்பட்டது. அதே முறையை 9 மையங்களில் 36 பேருக்குச் செய்து பார்த்து 2006இல் முடிவை வெளியிட்டார்கள். ஓராண்டு கழித்து ஊசி இல்லாமல் நல்ல கட்டுப்பாட்டில் இருந்தவர்கள் 16 பேர். இரண்டாம் ஆண்டு முடிவில் அவர்களிலும் 5 பேர்தான் மிஞ்சினார்கள்.

ஊசி நின்றதா இல்லையா என்பதை மட்டும் பார்ப்பது சரியில்லை என்று நான் நினைக்கிறேன். செல்கள் கொஞ்சம் பிழைத்திருந்தாலே, ஊசி தொடர்ந்தாலும், நினைவு தப்பும் அளவுக்கு லோ சுகர் வருவது பெரிதும் நின்றுவிடுகிறது. உங்கள் மகளை விடியற்காலையில் எழுப்ப முடியாமல் தவித்த உங்களுக்கு அதன் அருமை தெரியும். அமெரிக்காவில் 2023 ஜூனில் லான்டிட்ரா என்ற பெயரில் இந்தத் திட்டு சிகிச்சைக்கு அனுமதி கொடுத்ததும் அடிக்கடி கடுமையான லோ சுகர் வரும் பெரியவர்களுக்காகத்தான்.

அப்படியானால் ஏன் எல்லோருக்கும் செய்வதில்லை? செலுத்திய திட்டுகளில் பெரும்பகுதி முதல் சில நாட்களிலேயே செத்துவிடுகிறது. ரத்தத்தைத் தொட்டதும் அதைச் சுற்றி உறைதலும் அழற்சியும் உண்டாகின்றன. கணையத்தில் இருந்தபோது ஒவ்வொரு திட்டுக்குள்ளும் ஓடிய நுண்ணிய ரத்தக் குழாய்கள் பிரித்தெடுக்கும்போதே அறுந்துவிடுகின்றன. புதிய குழாய்கள் வளர இரண்டு வாரம் போல ஆகும், அதுவரை அவை மூச்சுத் திணறிக் கிடக்கின்றன. பிழைத்த மிச்சத்தைக் காப்பாற்ற வாழ்நாள் முழுக்க எதிர்ப்பு சக்தியை அடக்கும் மாத்திரை போட வேண்டும். அந்த மாத்திரைகளில் முக்கியமான டாக்ரோலிமஸ் சிறுநீரகத்தைக் கெடுக்கும், இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்லையே பாதிக்கும். தொற்று, தோல் புற்றுநோய் அபாயமும் உண்டு. இவ்வகையில் கொடுக்கும் மைக்கோஃபீனோலேட் என்ற மருந்து கருவிலிருக்கும் குழந்தைக்கு ஊனம் உண்டாக்கக்கூடியது. நாளைக்குக் கல்யாணம், குழந்தை என்று ஆகப்போகிற 13 வயதுப் பெண்ணுக்கு ஊசிக்குப் பதில் இந்த மாத்திரையைக் கொடுக்க எனக்கு மனம் ஒப்பாது.

மரபணு சிகிச்சை நுழைவது இந்த இடத்தில்தான். மற்ற பல நோய்களில் மரபணுவைச் சுமக்கும் வைரஸை நோயாளியின் உடம்புக்குள்ளேயே செலுத்த வேண்டியிருக்கிறது. அதில் ஆபத்து அதிகம். 1999இல் அமெரிக்காவில் ஜெஸ்ஸி கெல்சிங்கர் என்ற 18 வயது இளைஞர் கல்லீரல் நோய்க்கான ஆய்வில் அடினோவைரஸ் செலுத்தப்பட்டு நான்கே நாளில் இறந்துபோனார். திட்டு சிகிச்சையில் ஒரு வசதி இருக்கிறது. எடுத்த திட்டுகள் நோயாளிக்குள் போகும் முன் சில நாட்களாவது லேபில் தட்டில் இருக்க முடியும். மாற்ற வேண்டியதை அங்கேயே மாற்றி, சரியாக மாறியிருக்கிறதா என்று சோதித்துவிட்டு உள்ளே வைக்கலாம்.

முப்பது ஆண்டுகளாக இதை முயன்று வருகிறார்கள். செல் தற்கொலை செய்துகொள்வதைத் தடுக்கும் எக்ஸ்ஐஏபி என்ற மரபணுவைச் சேர்த்த மனிதத் திட்டுகளை எலிக்கு வைத்தபோது, குறைந்த எண்ணிக்கையிலேயே சர்க்கரை கட்டுக்குள் வந்தது. ரத்தக் குழாய் வளர்ச்சியைத் தூண்டும் விஇஜிஎஃப் மரபணுவும் எலிகளில் பலன் காட்டியது. எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக முடிந்ததும் உண்டு. தாக்க வரும் எதிர்ப்பு அணுவைச் சாகடிக்கும் ஃபாஸ் லிகண்ட் என்ற புரதத்தைத் திட்டுகளில் உண்டாக்கினார்கள். அது வேறு வகை வெள்ளணுக்களை வரவழைத்ததால், அந்தத் திட்டுகள் சாதாரணத் திட்டுகளைவிடச் சீக்கிரமாக அழிந்துபோயின என்று 1997இல் தெரிந்தது. இதில் இன்னொரு தடங்கல், ஒரு திட்டு என்பது ஆயிரம், இரண்டாயிரம் செல்கள் சேர்ந்த உருண்டை. மேலே ஊற்றும் வைரஸ் வெளி அடுக்குகளோடு நின்றுவிடுகிறது, நடுவில் உள்ள செல்களுக்குப் போய்ச் சேருவதில்லை.

நீங்கள் படித்த செய்தி ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக மருத்துவமனையில் நடந்தது. சனா பயோடெக்னாலஜி என்ற அமெரிக்க நிறுவனத்தின் முறை. 2025 ஆகஸ்டில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளிவந்தது. உருண்டைக்குள் வைரஸ் போகாத சிக்கலுக்கு அவர்கள் கண்ட வழி, கொடையாளரின் திட்டுகளைத் தனித்தனி செல்லாகப் பிரித்து, மரபணுவை மாற்றி, மறுபடியும் உருண்டையாகச் சேர வைத்தது.

எதை மாற்றினார்கள்? நம் ஒவ்வொரு செல்லின் மேலும் ஹெச்எல்ஏ என்ற புரதம் இருக்கிறது. அதை அந்த உடலின் அடையாள அட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். வேற்று அட்டையைப் பார்த்தால் டி செல்கள் என்ற எதிர்ப்பு அணுக்கள் தாக்கும். கிரிஸ்பர் வகை மூலக்கூறுக் கத்தரியால் இரண்டு மரபணுக்களை வெட்டி, அட்டையே வெளியே தெரியாதபடி செய்துவிட்டார்கள். ஆனால் அட்டை இல்லாத செல்லைக் கண்டால் கொல்லவென்றே என்கே செல்கள் என்று வேறொரு காவல் இருக்கிறது. அவற்றையும், செல்லை விழுங்கும் மேக்ரோஃபேஜ்களையும் அடக்க, சிடி47 என்ற புரதத்தை அதிகமாகச் சுரக்கும்படி மூன்றாவதாக ஒரு மரபணுவைச் சேர்த்தார்கள். என்னைத் தொடாதே என்று சொல்லும் புரதம் அது.

5 வயதிலிருந்து டைப் 1 உள்ள 42 வயதுக்காரர் ஒருவரின் முழங்கைக்குக் கீழே உள்ள தசையில் இந்தச் செல்களைப் பல ஊசிகளாகச் செலுத்தினார்கள். அடக்கும் மாத்திரை ஒன்றுகூடக் கொடுக்கவில்லை. கல்லீரலில் வைத்தால் எங்கே போயின என்று தேட முடியாது. கையில் வைத்தால் ஸ்கேனில் பார்க்கலாம், ஏதாவது ஆனால் வெட்டி எடுத்துவிடலாம். 12 வாரம் கழித்தும் செல்கள் உயிரோடு இருந்தன. இன்சுலினோடு சேர்ந்தே சுரக்கும் சி-பெப்டைட் என்ற பொருள், முன்பு இல்லாதது, அவர் ரத்தத்தில் தெரிந்தது, சாப்பிட்டதும் கூடியது. உடம்பே இன்சுலின் சுரக்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி.

அந்த ஆய்வில் என்னை மிகவும் கவர்ந்தது வேறொன்று. லேபில் எல்லாச் செல்களும் முழுதாக மாறுவதில்லை. செலுத்தியவற்றில் மாறாத செல்களும் இருந்தன, அட்டை நீங்கியும் சிடி47 போதாத செல்களும் இருந்தன. அதே மனிதரின் உடல் அந்த இரண்டு வகையையும் தாக்கியது, மூன்று மாற்றமும் அமைந்த செல்களை மட்டும் விட்டுவைத்தது. அதுவும் 37 ஆண்டாக பீட்டா செல்லை அழித்துப் பழகிய உடல். மின்னசோட்டா இரட்டையரில் தோற்ற இடத்தில், நான் சொன்ன இரண்டு எதிரிகளிடமிருந்தும் ஒரே நேரத்தில் செல்கள் தப்பியிருக்கின்றன. எனக்கு இதில் உண்மையான நம்பிக்கை இருக்கிறது.

ஆனால் இது ஒரே ஒரு மனிதர். கொடுத்தது முழு அளவில் 7 சதவீதம் போலத்தான். பிழைக்குமா என்று பார்ப்பதற்காக மட்டும் கொடுத்த அளவு. அவர் இன்சுலின் ஊசியை நிறுத்தவில்லை. முழு அளவு கொடுத்தால் கைத்தசை தாங்குமா, பத்து வருடம் நிலைக்குமா என்பது இனிமேல்தான் தெரிய வேண்டும். அட்டை இல்லாத செல் ஒன்று நாளைக்குப் புற்றுநோய்ச் செல்லாக மாறினால் அதையும் உடல் கண்டுபிடிக்காதே என்ற கவலையும் நியாயமானது.

கொடையாளர் கணையம் எந்த நாட்டிலும் போதாது என்பதால், வேறு வகைச் செல்லாக வளரக்கூடிய ஸ்டெம் செல்லிலிருந்து திட்டுகளை வளர்க்கும் வேலையும் சேர்ந்து நடக்கிறது. வெர்டெக்ஸ் நிறுவனத்தின் ஸிமிஸ்லெசெல் என்ற இவ்வகைத் திட்டுகளை முழு அளவில் பெற்ற 12 பேரில் 10 பேர் ஓராண்டில் ஊசி இல்லாமல் இருந்ததாக 2025 ஜூனில் வெளியானது. அவர்கள் அடக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள். ஆய்வில் சேர்ந்த ஒருவர் மூளை உறையைத் தாக்கிய பூஞ்சைத் தொற்றால் இறந்தார். சீனாவில் 25 வயதுப் பெண்ணுக்கு அவருடைய கொழுப்பு செல்லிலிருந்தே திட்டுகளைச் செய்து வயிற்றுத் தசை உறைக்கடியில் வைத்தார்கள், 75 நாளில் ஊசி நின்றது. அவரும் ஏற்கெனவே கல்லீரல் மாற்று செய்துகொண்டு மாத்திரையில் இருந்தவர். ஸ்டெம் செல் திட்டுக்கு உப்சாலா மாற்றத்தையும் சேர்த்துவிட்டால் கொடையாளரும் வேண்டாம், மாத்திரையும் வேண்டாம். இந்தத் துறையில் எல்லோரும் அதைத்தான் எதிர்பார்த்துக் காத்திருக்கிறார்கள்.

எப்போது என்று கேட்டீர்கள். வருடத்தைச் சொல்லி உங்களை ஏமாற்ற நான் விரும்பவில்லை. இப்போதுள்ள ஆய்வுகள் பெரும்பாலும் 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. உங்கள் மகளுக்கு அந்த வயது வர இன்னும் ஐந்து ஆண்டு. அந்த நாளில் அவள் சிறுநீரகமும் கண்ணும் நன்றாக இருந்தால்தான் அவளைச் சேர்த்துக்கொள்ள முடியும். டைப் 1 உள்ளவர்களிடம் நடத்தி 1993இல் முடிவு வந்த டிசிசிடி என்ற ஆய்வில், சர்க்கரையை நெருக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களுக்குப் புதிதாக விழித்திரை பாதிப்பு வருவது 76 சதவீதம் குறைந்தது. ஆகவே இப்போது தினம் போடும் நான்கு ஊசியும் அந்தச் சிகிச்சைக்கான தயாரிப்புதான்.

இந்த வாரமே செய்ய வேண்டியதும் உண்டு. 42க்கு இறங்கிய அந்த இரவைப் பற்றி உங்கள் டாக்டரிடம் சொன்னீர்களா? இரவு போடும் நீண்ட நேர இன்சுலினின் அளவை மாற்ற வேண்டியிருக்கலாம். முந்தின நாள் விளையாட்டு, ராத்திரி சரியாகச் சாப்பிடாதது எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்த 6 லட்சத்தில் ஒரு சிறு பங்கை வைத்து, கையில் ஒட்டும் குளுக்கோஸ் சென்சார் வாங்குங்கள். சர்க்கரை இறங்கும்போது போனில் அலாரம் அடிக்கும். நீங்களும் கொஞ்சம் தூங்கலாம். எழுப்பியும் எழாத பிள்ளையின் வாயில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றாதீர்கள், புரையேறி மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108ஐக் கூப்பிடுங்கள். ரத்தச் சர்க்கரையை ஏற்றும் குளுக்ககான் ஊசி வாங்கி வைக்க முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். வருடத்துக்கு ஒருமுறை சிறுநீரில் அல்புமின், கண் விழித்திரை, தைராய்டு மூன்றையும் பார்த்து ரிப்போர்ட்டுகளை ஒரே ஃபைலில் போட்டு வையுங்கள். பின்னால் ஆய்வுக்கு விண்ணப்பிக்கும்போது முதலில் கேட்பது அவற்றைத்தான்.

அந்த கிளினிக்கிலிருந்து மறுபடி கூப்பிட்டால் சிடிஆர்ஐ பதிவு எண் கேளுங்கள். நம் நாட்டில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளை அரசின் அந்தப் பதிவேட்டில் 2009லிருந்து கட்டாயம் பதிய வேண்டும். யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். எண் கொடுத்தால் எனக்கு எழுதுங்கள், என்ன ஆய்வு, யார் நடத்துகிறார்கள் என்று பார்த்துச் சொல்கிறேன்.